வெயில் பதம்

துளசிமணியின் பனியனில் உப்புக்கோடு விழுவது நின்றுபோயிருந்தது.

பதினாறு வயதிலிருந்து ஓடுகிறாள். இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து பனியனைக் காயப்போட்டால் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். தாராபுரத்தில் அவள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, இன்றைக்குக் குழம்புக்கு உப்பு வாங்க வேண்டியதில்லை என்பாள். இப்போது முப்பது கிலோமீட்டர் ஓடினாலும் துணி வெறுமனே நனைந்து தொங்கியது. மேலுதட்டில் வழிந்த வியர்வையை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். வெறும் தண்ணீர். இருபத்தாறு வருடங்களாகத் தன்னுடையதாக இருந்த ஒன்று மாறிவிட்டது போலிருந்தது. 

டாக்டர் ரகுநந்தனிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. மருந்து பிடித்துவிட்டது என்றார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடலோரமாக அந்த உடற்திறன் மையம் இருந்தது. துளசிமணியோடு சேர்த்து எட்டு ஓட்டக்காரர்கள் அங்கே மூன்று மாதங்களாகத் தங்கியிருந்தார்கள். புரட்டாசி கடைசியில் வளைகுடா நகரம் ஒன்றில் ஆசிய மாரத்தான். முன்பெல்லாம் குளிரான மாதமாகப் பார்த்துப் பந்தயம் வைப்பார்களாம். அப்படி ஒரு மாதம் இப்போது எந்த ஊரிலும் மிச்சமில்லை. போன தடவை அறுபத்திரண்டு பெண்கள் ஓடியதில் பத்தொன்பது பேர்தான் முடிவுக் கோட்டைத் தொட்டார்கள். இரண்டு பேர் செத்துப்போனார்கள். எவ்வளவு வேகமாக ஓடுகிறாய் என்று யாரும் இப்போது கேட்பதில்லை. எவ்வளவு நேரம் வெயிலில் விழாமல் இருப்பாய் என்பதுதான் கேள்வி.

முதல் நாளே டாக்டர் அவளை உட்காரவைத்து விளக்கியிருந்தார். பேசும்போது பிஸ்கட்டை டீயில் நனைத்து நனைத்துத் தின்பது அவர் வழக்கம்.

"வெயில்ல ஓடும்போது களைச்சுப் போறோமே, அது கால்ல நடக்குதுன்னுதானே நினைக்கிற? இல்ல. கால்ல சக்தி இருக்கும். உடம்புச் சூடு நாப்பது டிகிரியைத் தொடப்போகுதுன்னு தெரிஞ்சதும் மூளை பயந்து சுவிட்சை அணைச்சிடும். களைப்புங்கிறது மூளை போடுற பூட்டு. வருஷக்கணக்கா வெயில்ல நின்னு பழகின உடம்புக்கு அந்தப் பூட்டு லேசுல விழாது. அது சீக்கிரமே வேர்க்கும், வேர்வையில உப்பை விடாது, ரத்தத்துல தண்ணியும் கூட இருக்கும். அந்தப் பழக்கம் உனக்கு வரணும்னா பத்து வருஷம் ஆகும். நாங்க அதை ஊசியில ஏத்துறோம்."

"இந்த மருந்து எங்கிருந்துங்க டாக்டர் வருது?"

"நாங்களே வளர்க்கிறோம்" என்றார் டாக்டர்.

அவள் கண்ணாடிக் குடுவைகளை நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் கேட்கவில்லை.

மருந்துக்கு அவர்கள் வைத்த பெயர் சீரம். ஓட்டக்காரர்கள் மஞ்சத்தண்ணி என்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமைகளில், குளிர்ந்த அறையில் படுக்கவைத்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். பைக்குள் அது ஊசிப்போன எண்ணெய் நிறத்தில், மேலே மெல்லிய ஆடையோடு தொங்கும். ஏறத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் வாயில் ஒரு ருசி வரும். துருப்பிடித்த இரும்பும் பச்சை மீனும் கலந்த ருசி. பல் தேய்த்தாலும், எலுமிச்சையைக் கடித்தாலும், மறுநாள் மத்தியானம் வரை போகாது. சோற்றில் கை வைத்ததும் அந்த வாடைதான் முதலில் வரும். இரண்டு பெண்கள் முதல் முறையே வாந்தியெடுத்தார்கள். ஊசிதானே, வாந்தியில் வீணாகாது என்று டாக்டர் சிரித்தார்.

ஆனால் வேலை செய்தது. வெயிலில் இருபத்தாறாவது கிலோமீட்டரில் அவளுக்கு எப்போதும் ஒரு சுவர் வரும். காது அடைக்கும், உள்ளங்கை சில்லிடும், கால்கள் வேறு யாருடைய பேச்சையோ கேட்கத் தொடங்கும். நாலாவது சீரத்துக்குப் பிறகு அந்தச் சுவரைக் காணவில்லை. இருபத்தாறு, முப்பது, முப்பத்தைந்து என்று போய்க்கொண்டே இருந்தாள். பயிற்சியாளர் சிவநேசன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கடிகாரத்தையும் வாங்கிப் பார்த்தார். பதினொரு நிமிடம் குறைந்திருந்தது. எட்டு வருடத்தில் அவர் அவள் தோளைத் தட்டியது அன்றைக்குத்தான். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பசிக்காமல் இருந்தால் வயிற்றில் ஒரு சங்கடம் இருக்குமே, அதுபோல ஒன்றும் கூடவே இருந்தது.

பந்தயத்துக்குப் புறப்பட இன்னும் ஐந்து நாள் இருந்தது. காலை பத்து மணி வாக்கில் உப்பளச் சாலையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்புநீர். கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். தலையில் துண்டும் காலில் ரப்பர் பூட்டுமாகப் பெண்கள் நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கம்பை ஊன்றி நின்றாள். பிறகு மெதுவாகக் குந்தினாள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து உப்புநீரில் முகம் பட விழுந்தாள்.

துளசிமணி வரப்பில் இறங்கி ஓடினாள். மற்றப் பெண்கள் அதற்குள் விழுந்தவளைத் தார்ப்பாய்ப் பந்தலுக்கு இழுத்துவந்துவிட்டார்கள். மேஸ்திரி தூரத்திலிருந்து ஏதோ கத்தினான். அந்தப் பெண்ணின் தோல் காய்ந்து அடுப்புக்கல் போலச் சுட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. இது என்னவென்று ஓட்டக்காரர்களுக்குத் தெரியும். குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றி, துண்டால் விசிறச் சொல்லிவிட்டு, அவள் போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டையின் கையை மேலே சுருட்டினாள்.

முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகள். பத்துப் பன்னிரண்டு இருக்கும், பழசும் புதுசுமாக. கடைசியாகக் குத்திய இடத்தில் அலை படம் போட்ட பச்சை நிறப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. துளசிமணி தன் முழங்கையைப் பார்த்தாள். அங்கேயும் அதே பச்சைப் பிளாஸ்திரி, அதே அலை.

அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் கண் விழித்தாள். பெயர் முத்துப்பேச்சி என்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். இந்த ஊசி எங்கே போட்டார்கள் என்று துளசிமணி கேட்டாள்.

"போடல தாயி. எடுக்காவ" என்றாள் முத்துப்பேச்சி. "வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வண்டி வரும். ரத்தத்த எடுத்து, மெசின்ல சுத்த விட்டு, மஞ்சத்தண்ணிய மட்டும் எடுத்துக்கிட்டு செவப்பத் திருப்பி ஏத்திருவாவ. பதினஞ்சு வருசம் அளத்துல நின்னவகிட்டதான் எடுப்பாவளாம். புதுசா வந்தவ ரத்தம் ஆவாதாம். ரொட்டியும் வாழப்பழமும் குடுப்பாவ."

பிறகு, தன்மேல் தப்பு இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இருவத்திரண்டு வருசமா இந்த வெயில்ல நிக்கேன். ஒரு நாளு தல சுத்துனது கெடையாது. போன மழைக்கு அப்புறம் என்னமோ வெயிலு ஒத்துக்க மாட்டேங்கு. பத்து மணிக்கே கண்ணு இருட்டுது. எனக்கு மட்டுமில்ல, வண்டிக்குப் போற அத்தன பேருக்கும் அப்படித்தான்."

வெள்ளிக்கிழமை எடுக்கிறார்கள். சனிக்கிழமை ஏற்றுகிறார்கள். துளசிமணி வரப்பில் ஏறிச் சாலைக்கு வந்தாள். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அந்த இரும்பும் மீனுமான ருசி நாக்கின் அடியிலிருந்து எழுந்து வந்தது. முகம் தெரியாத எத்தனையோ பேரின் உடம்பு தன் தோலுக்கடியில் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்தாள். சாலையோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். வெளியே வந்தது காலையில் குடித்த கஞ்சிதான். வரவேண்டியது வரவில்லை.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. வளர்க்கிறோம் என்று சொன்னீர்களே என்று கேட்டாள்.

"பொய்யா சொன்னேன்? அவங்க உடம்புல வளருது. ஒரு ஆய்வகத்துலயும் அது வளர மாட்டேங்குது, நாங்க பாக்காத வழியில்ல" என்றார். எடுத்த பிறகு மூன்று மாதம் நிழலில் ஓய்வெடுத்தால் அது தானாக ஊறிவிடும் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்களாம். அவர்கள் ஓய்வெடுப்பதில்லை, மறுநாளே உப்பளத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு மையம் என்ன செய்யும்? யாரையும் கையைப் பிடித்து இழுத்துவரவில்லை. எல்லோரும் படிவத்தில் கைரேகை வைத்திருக்கிறார்கள். சொல்லிக்கொண்டே அவர் டீயில் விழுந்துவிட்ட பிஸ்கட் துண்டை ஸ்பூனால் தேடிக்கொண்டிருந்தார். ஊறி மிதந்த அந்தத் துண்டிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

எனக்கு இனிமேல் வேண்டாம் என்றாள்.

"சரி. உன்னோட ஆறாவது பை ஃபிரிட்ஜ்ல இருக்கு. நேத்தே எடுத்தாச்சு. உனக்கு மட்டும்தான் சேரும், வேற யாருக்கும் ஏத்த முடியாது. வேண்டாம்னா சாக்கடையில ஊத்திடுறேன். அதுதான் அவங்களுக்கு நீ செய்யிற மரியாதையா?"

சிவநேசன் சுவரோரம் நின்றிருந்தார். அவர் நியாயம் பேசவில்லை. எட்டு வருஷம், துளசி, என்று மட்டும் சொன்னார்.

அவள் போய்ப் படுத்துச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். யாரும் அவளைப் பிடித்து அழுத்தவில்லை. இதைப் பின்னாளில் யாரிடம் சொன்னாலும் விடாமல் சொல்வாள்.

பந்தயத்தன்று விடிந்ததுமே முப்பத்தேழு டிகிரி. கடற்காற்றின் ஈரத்தில் மூச்சே ஆவி பிடிப்பதுபோல் இருந்தது. பதினைந்தாவது கிலோமீட்டரில் பெண்கள் சரியத் தொடங்கினார்கள். இருபத்தெட்டில் முன்னால் நாலு பேர்தான் இருந்தார்கள். ஒருத்தி சாலையின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பதுபோலக் கைகளை நீட்டியபடி வட்டமடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயோரம் நுரை. துளசிமணி அவளைச் சுற்றிக்கொண்டு போனாள்.

முப்பத்தைந்தில் தனியாகிவிட்டாள். அப்போது அவள் செய்தது ஒன்றுதான், களைப்பு வருகிறதா என்று தேடினாள். தொடையில் தேடினாள், நெஞ்சில் தேடினாள், கண்ணுக்குப் பின்னால் தேடினாள். எங்கேயும் இல்லை. கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி உடம்பு சுத்தமாக இருந்தது. இந்த நேரத்துக்கு உப்பளத்தில் பலகை போட ஆரம்பித்திருப்பார்கள். இங்கே வரவேண்டியது அங்கேதான் போய் விழுகிறது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினாள்.

ஆறு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தாள். கேமராக்கள் சூழ்ந்துகொண்டு இரகசியம் என்னவென்று கேட்டபோது, தடகளச் சம்மேளனத்துக்காரர் ஒருவர் முந்திக்கொண்டு மன உறுதி என்றார். அவள் சிரித்தாள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தச் சிரிப்பு வந்தது. அதை அவளால் ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் பத்து நாள் பாராட்டு விழா. சால்வைக்கு மேல் சால்வை. வியர்வையில் நனைந்த கழுத்தில் யார் யாரோ சந்தனத்தைப் பூசினார்கள். அது உலர்ந்து இறுகித் தோலை இழுத்தது. மேடையில் ஒரு பெரியவர், இவளுடைய இரத்தத்திலேயே வெற்றி ஓடுகிறது என்று பேசினார். துளசிமணி கழிப்பறை எங்கே என்று கேட்டு எழுந்து போனாள்.

ஐப்பசியில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினாள். முத்துப்பேச்சியின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் கடைசி வரிசை. முத்துப்பேச்சி மின்விசிறிக்கு நேர் கீழே பாயில் படுத்திருந்தாள். இப்போது வெயிலில் பால் வாங்கக்கூடப் போக முடியவில்லையாம். முதுகில் கொப்புளங்கள் பழுத்து, மருந்தும் சீழுமாகச் சேலை ஒட்டியிருந்தது. அந்த வாடை அறை முழுக்க நின்றது.

துளசிமணி திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தாள். முத்துப்பேச்சியோ எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீவில பாத்தேன் தாயி. எல்லாத்துகிட்டயும் சொன்னேன், எங்க ரத்தம்லா அங்க ஓடுதுன்னு."

பிடித்த கையை அவள் விடவில்லை. துளசிமணிக்குக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது. அந்தக் கையின்மேல் அல்ல, தன் கையின்மேல்தான் அவளுக்கு அருவருப்பு.

"ஒரு ஒதவி செய்யணும்" என்றாள் முத்துப்பேச்சி. "என் ரத்தம் இனிமே ஆவாதுன்னு சொல்லிட்டாவ. எம்மவ ஜெயக்கனிய எடுத்துக்கிடச் சொல்லி நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பாவ. அவளுக்குப் பதம் வரலங்காவ. இப்ப பதினஞ்சு வருசம்லாம் வேண்டாமாம், உச்சி வெயில்ல விடாம சொமந்து நடந்தா மூணு மாசத்துல வந்துரும்னு அளத்துக்கு அனுப்பியிருக்காவ. படிச்ச பிள்ள, நர்சுக்குப் படிச்சிட்டிருந்தா. நிறுத்திட்டேன். அங்கதான் நிக்கா, போயிப் பாரு."

உப்பு வாருகிற காலம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மழை வரவில்லை, வெயில் மட்டும் குறையவில்லை. உச்சி வேளையில் துளசிமணி உப்பளத்துக்குப் போனபோது பாத்திகளில் தண்ணீர் இல்லை, உப்பும் இல்லை. வெடித்த தரை. அதன்மேல் நாற்பது பேர் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் இளம்பெண்கள். ஆளுக்கு ஒரு கூடை மணல் தலையில். இந்தக் கோடியில் அள்ளி அந்தக் கோடியில் கொட்டினார்கள். அங்கே கொட்டியதை அள்ளி இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். மையத்தின் பச்சைச் சட்டை போட்ட ஒருவன் குடை பிடித்தபடி ஒவ்வொருவர் காதிலும் சூடு பார்க்கும் கருவியை வைத்து எழுதிக்கொண்டான். சூடு ஏறியவர்களைப் பத்து நிமிடம் உட்காரவைத்து, மறுபடி எழுப்பி நடக்கவிட்டான்.

என்ன வேலை நடக்கிறது என்று துளசிமணி அவனைக் கேட்டாள்.

"வேலை ஒண்ணும் இல்லீங்க. பதப்படுத்துறோம்" என்றான் அவன்.

கருவாட்டைப் புரட்டிப்போடுகிறவன் குரல் போலச் சாதாரணமாக இருந்தது. 

ஜெயக்கனிக்குப் பத்தொன்பது வயது. மெலிந்த, தெளிவாகப் பேசுகிற பெண். உட்காரவைத்த பத்து நிமிடத்தில் பேசினாள். நர்சிங் இரண்டாம் வருடம் படித்தவள் என்பதால் எல்லாம் தெரிந்திருந்தது. எடுக்கிற புரதத்தின் பெயர்கூடச் சொன்னாள். அது வற்றினால் அம்மா மாதிரி ஆகிவிடும் என்பதும் தெரியும். மூன்று வருடம் தாங்கும், அதற்குள் தம்பி படித்துவிடுவான் என்று கணக்காகச் சொன்னாள். பிறகு தயங்கி ஒன்று கேட்டாள்.

"அக்கா, நீங்க எத்தன பேர்து ஏத்திக்கிட்டிய?"

தெரியாது என்றாள் துளசிமணி.

"ஒரு பைக்கு ஒம்பது பேரு. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னா மூணு மாசத்துல நீங்க ஆறு பை. அம்பத்தி நாலு" என்றாள் ஜெயக்கனி. பாடத்தில் வந்த கேள்விக்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அதன்பிறகு துளசிமணி அலைந்தாள். தொழிலாளர் அலுவலகத்தில், யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அப்படியானால் புகாரே இல்லை என்றார்கள். போலீஸ் நிலையத்தில் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். ஒரு வக்கீல் மட்டும் யோசித்துவிட்டு, அவர்களுக்கு நடந்ததற்குச் சட்டத்தில் இடமில்லை, நீங்கள் செய்ததற்கு இருக்கிறது என்றார். இன்னொரு மனித உடம்பிலிருந்து எதையும் ஏற்றிக்கொள்ளவில்லை என்று ஓட்டத்துக்கு முன் எல்லோரும் எழுதித் தருவார்கள். அவளும் எழுதித் தந்திருந்தாள். அந்த ஒரு இடத்தில்தான் பிடி இருந்தது.

அவள் வாக்குமூலம் எழுதிக்கொடுத்தாள். சீரம் என்றால் என்ன, எங்கே எடுக்கிறார்கள், எப்படிப் பதப்படுத்துகிறார்கள், எல்லாம் எழுதினாள். முப்பத்தொன்பது டிகிரியில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியும் எனக்குக் களைப்பே தெரியவில்லை, என் களைப்பை ஐம்பத்து நான்கு பேர் பட்டார்கள் என்றும் எழுதினாள்.

பதக்கம் போனது. நாலு வருடத் தடை. போட்டிகளில் சீரத்துக்கும் தடை வந்தது. மற்ற ஏழு பேரும் அவள் எண்ணைத் தங்கள் போனிலிருந்து அழித்தார்கள். சிவநேசன் கடைசியாக ஒரு தடவை பேசினார். நீ சொன்னது சரிதான், ஆனால் இனிமேல் என் முன்னால் வராதே என்றார். அம்மா கூடத்தில் மாட்டியிருந்த அந்தச் சிரித்த படத்தைக் கழற்றிப் பரணில் வைத்தாள். அதில் துளசிமணிக்கு நிம்மதிதான்.

உடம்பிலிருந்து அது இறங்க ஏழு வாரம் ஆனது. ஏழாவது வாரம் சோறு சோறாக ருசித்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

தை பிறந்து சில நாளில் டாக்டர் ரகுநந்தன் போன் செய்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்து எடுத்தாள். அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு நன்றி சொன்னார்.

"எதுக்குங்க நன்றி?"

"உன் வாக்குமூலத்துக்குத்தான். முப்பத்தொன்பது டிகிரியில நாப்பத்திரண்டு கிலோமீட்டர், களைப்பே தெரியலைன்னு நீ எழுதினது உலகம் பூரா வந்துச்சே. நாங்க சொன்னா விளம்பரம்னு சொல்லுவாங்க. நீ உன் பதக்கத்தை விட்டுட்டுச் சொல்லியிருக்க. யார் நம்ப மாட்டாங்க? கட்டடம் கட்டுறவங்க, கிடங்கு வச்சிருக்கவங்க, சுரங்கத்துக்காரங்க, தினமும் கேட்டுட்டு இருக்காங்க. மத்தியானம் பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் வெளி வேலை கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கில்ல, மருந்து இருக்கும்போது அது எதுக்குன்னு மேலிடத்துலயே பேச ஆரம்பிச்சிட்டாங்க. ஓட்டப்பந்தயம் எங்களுக்கு ஒரு மூலைதாம்மா. வருஷத்துக்கு எத்தனை பேர் ஓடுவீங்க?"

அவர் பேச்சினிடையே டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வாக்கியத்தின் மறுபாதியை யாராவது படித்தார்களா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. ஜெயக்கனி இன்னும் வெயிலில்தான் நிற்கிறாளா என்று கேட்டாள்.

"யாரு?"

"முத்துப்பேச்சி மகளுங்க. ஜெயக்கனி."

"பேர் எல்லாம் எங்ககிட்ட இல்லம்மா. நம்பர் இருந்தா சொல்லு, பாக்கச் சொல்றேன்."

அவள் போனை வைத்துவிட்டுக் கை கழுவினாள். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள்.

மறுநாளே போனாள். உப்பளம் அடையாளம் மாறியிருந்தது. வாசலில் கம்பி வேலி, உள்ளே பச்சைச் சட்டைக்காரர்களுக்கென்று வரிசையாகக் குளிர்ந்த அறைகள். நாற்பது பேர் நடந்த இடத்தில் நானூறு பேர் நடந்தார்கள். வெளியூர்க்காரர்கள், வடக்கத்தி ஆட்கள், கைக்குழந்தையை ஓரமாகத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தவர்கள். பாத்திகளை மேடு தட்டிச் சமமாக்கியிருந்தார்கள். இனிமேல் அங்கே உப்பு விளையப்போவதில்லை. நானூறு உடம்பின் வியர்வையும் சூடேறிய ரப்பரும் சேர்ந்து காற்று புளித்து நாறியது. வேலிக்கு வெளியே நின்றபோதே அவளுக்கு மூக்கைப் பொத்தத் தோன்றியது. பொத்தவில்லை. அதற்குத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்தாள்.

பார்க்க வந்தவர்கள் வேலியோரம் நின்று பேசலாம் என்றான் காவலன். ஜெயக்கனி வந்தாள். முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தாள். தனக்குப் பதம் வந்துவிட்டது, அடுத்த வாரத்திலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று சொன்னாள்.

துளசிமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். போன் வந்ததைச் சொன்னாள், எழுதியதில் எந்த வரியை எடுத்துக்கொண்டார்கள் என்பதைச் சொன்னாள். படிப்பு முடிகிற வரைக்கும் தாராபுரத்தில் வந்து என் வீட்டில் இரு, அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா, இன்றைக்கே வா என்றாள். எத்தனை நேரம் பேசினாள் என்று தெரியவில்லை. வெயிலில் தலை கனத்துக் கால் துவண்டது. விடாமல் பேசினாள். பதக்கமே வேண்டாம் என்று நான் விட்டேனே, நீயும் விட்டுவிட்டு வா என்றாள்.

ஜெயக்கனியின் கண்ணில் கோபம் இல்லை. உள்ளே விசில் ஊதியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள்.

"நீங்க ஜெயிச்சதுக்கு அப்புறம்தானக்கா விட்டிய?" என்றாள் ஜெயக்கனி. "நான் இன்னும் ஓடவே ஆரம்பிக்கல."

கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் போய்ச் சேர்ந்தாள்.